துரையின் அனுமதியும் உபதேசியாரின் துணிவும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையை ஒட்டிச் செல்லும் பாதையில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே, 1878-ஆம் ஆண்டில் எழுந்த வார்லி தேவாலயம் நிற்கிறது. கற்சுவர்களும் வர்ணக் கண்ணாடிச் சாளரங்களும் கொண்ட அவ்வாலயத்தின் முற்றத்தில், ஆங்கிலத் துரைமாரும் அவர்தம் குடும்பத்தாரும் அடக்கம் பெற்ற கல்லறைகள் பெயர் பொறித்தவையாய் இருக்கின்றன. நுவரெலியாவில் 1852-இல் பிரதிஷ்டை செய்யப்பெற்ற பரிசுத்த திரித்துவ ஆலயமும் இவ்வகையைச் சேர்ந்ததே. மலைநாட்டுக் கிறிஸ்தவத்தின் சரித்திரத்தைக் கட்டடங்களைக் கொண்டு எழுதப் புகுவோமாயின், அது துரைமாரின் பக்தியைப் பற்றிய சரித்திரமாகவே முடிந்துவிடும். கல்லால் ஆலயம் எழுப்பாமல், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குக் கால்நடையாகச் சென்று, கங்காணியின் முறைப்புக்கும் மழைக்கும் அட்டைக்கும் ஈடுகொடுத்து, ஒரு மண்ணெண்ணெய் விளக்கின் அடியில் வேதத்தை வாசித்துக் காட்டிய திருநெல்வேலி உபதேசியார்களுக்கு அக்கல்லறைத் தோட்டங்களில் இடமில்லை. அவர்களுடைய தைரியம் எத்தன்மையது, அது எந்த எல்லையோடு நின்றது, அந்த எல்லையைப் பிற்காலத்தில் தாண்டியவர் யார் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மலைநாடு சேர்வது என்பதே உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்தது. இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த வந்த ஜனங்கள், தோணியில் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து அநுராதபுரம், தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் தூரத்தைக் காட்டினூடே நடந்தார்கள். குடிநீரில்லாத வெளிகளும் வாந்திபேதியும் காட்டுக் காய்ச்சலும் அவ்வழியின் இரு மருங்கிலும் பிணங்களைக் கிடத்தின. 1841 முதல் 1848 வரையிலான எட்டாண்டுகளில் மாண்டோர் 70,000 பேர் என்று 1849-இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணித்தது. அக்கணக்குக் கூடுதலா குறைவா என்று சரித்திர ஆசிரியர்கள் வழக்காடுவதுண்டு. அதில் பாதியே மெய்யென்று கொண்டாலும், அந்தப் பாதையில் வயிற்றுக்காக அல்லாமல் விசுவாசத்துக்காகக் காலெடுத்து வைத்தவனின் நெஞ்சுரத்தைக் குறைவாக மதிப்பிட முடியாது.

1854-இல் கோப்பித் தோட்டத் துரைமார் சிலர் தம்முள் பணம் திரட்டி, சர்ச் மிஷன் சங்கத்தின் துணையோடு தமிழ்க் கூலி மிஷன் என்ற ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தனர். இன்று அப்பெயர் நம் செவியைச் சுடுகிறது. அக்காலத்தவர்க்கு அது சுடவில்லை. அவர்களுடைய நோக்கம் கலப்பானது. தம் தோட்டத்து ஆத்துமாக்களின் ஈடேற்றத்தை மெய்யாகவே விரும்பிய பக்திமான்களும் அவர்களில் இருந்தார்கள். கள்ளுக் குடியாமல் விடியற்காலையில் பிரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு வந்து நிற்கும் தொழிலாளியைப் போதகம் உருவாக்கித் தரும் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். ஒரே மனிதனின் உள்ளத்தில் இவ்விரண்டும் வேற்றுமையின்றிக் குடியிருந்ததும் உண்டு. ஊழியத்துக்கு ஆள் வேண்டியபோது அவர்கள் திரும்பிப் பார்த்தது திருநெல்வேலியையே. பனங்காட்டுத் தேரிகளின் நடுவே கிறிஸ்தவக் கிராமங்கள் அரை நூற்றாண்டாக வேரூன்றியிருந்த அத்தேசத்தில், படிக்கவும் பாடவும் பிரசங்கிக்கவும் தேர்ந்த உபதேசியார்கள் பலர் இருந்தனர். மிஷனின் ஆரம்ப காலத்தில் அதை மேற்பார்த்த செப்டிமஸ் ஹாப்ஸ் என்பவரும் திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் பழகியவரே.

செம்மண் தேரியின் வெயிலில் வளர்ந்த ஒருவர், நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், மாதக்கணக்கில் சூரியனைக் காணாத மூடுபனியில், கம்பளி ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு வழுக்குப் பாதையில் ஏறுகிற காட்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். அவருடைய பொறுப்பில் ஒரு தோட்டமன்று, பல தோட்டங்கள் இருந்தன. விடியலில் தப்புச் சத்தம் கேட்டு ஜனங்கள் கூடும் பிரட்டுக்களத்தில், துரை அனுமதித்த சில நிமிஷங்கள் அவர் பேசலாம். பகலில் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் லயத்தில் கண்டு பேசலாம். மாலையில், கொழுந்தோ கோப்பிப்பழமோ நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓய்ந்து வந்தவர்களை லயத்து அறையாகிய காம்பராவின் வாசலில் கூட்டி வைத்துப் பாட்டும் ஜெபமும் நடத்தலாம். கேட்டவர்களில் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் கும்பிடுகிறவர்கள். அவர்கள் இவரை அடித்து விரட்டியதைவிட, பேசாமல் கேட்டுவிட்டுத் தூங்கப்போனதே அதிகம். எதிர்ப்பைத் தாங்குவதற்கு ஒருவகைத் தைரியம் வேண்டும். அசட்டையை ஆண்டுதோறும் தாங்குவதற்கு வேறுவகைத் தைரியம் வேண்டும், இரண்டாவதே அரிது என்பது என் எண்ணம். அரும்பாடுபட்டுச் சேர்த்த சிறு சபையும் நிலைப்பதில்லை. கோப்பி அறுவடை முடிந்தால் பாதிப்பேர் ஊருக்குத் திரும்பினர். எஞ்சியவர்களைக் கங்காணி வேறு தோட்டத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போனான்.

உபதேசியாரின் அபாயத்தைவிடப் பெரிய அபாயம் அவருடைய பேச்சைக் கேட்டு மனந்திரும்பியவனுக்கு நேர்ந்தது. தோட்டத்துச் சமுதாயத்தில் பெரிய கங்காணி என்பவன் வெறும் மேஸ்திரி அல்லன். ஊரிலிருந்து ஆளைக் கூட்டிவந்தவன் அவன், வழிச்செலவுக்குக் கடன் கொடுத்தவன் அவன், கலியாணத்துக்கும் கருமாதிக்கும் முன்நிற்பவன் அவன், அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவிப்பவனும் அவனே. திருவிழாவுக்கு வரி கொடேன், காவடி எடேன் என்று ஒரு குடும்பம் சொல்லுமாயின், அது தெய்வத்தை மட்டும் மறுத்ததாக எவரும் கருதமாட்டார். கங்காணியின் ஆளுகையையே மறுத்ததாகக் கருதுவர். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்தக் கூட்டத்தை விடுவிக்கத் தயார் என்று ஒரு தோட்டம் எழுதித்தரும் துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. அந்தத் துண்டு முறை 1921-இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, கடன்பட்டவனின் காலில் கட்டிய விலங்காகவே இருந்தது. இவ்வளவையும் அறிந்திருந்தும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் பக்கத்து வீட்டாரின் பேச்சு வார்த்தையை இழந்தும், ஞானஸ்நானம் பெற்றுக்கொண்ட ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். அவர்கள் தொகை என்றும் சிறியதே. தொகை சிறியதாய் இருந்தமையே அவர்கள் ஏற்ற அபாயத்தின் அளவைக் காட்டுகிறது.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தோட்டம் என்பது தனியார் நிலம். அதனுள் நுழைய உபதேசியாருக்கு வழி திறந்தது துரையின் அனுமதி. அவருடைய சம்பளத்தில் பெரும்பங்கு துரைமாரின் சந்தா. பாவத்தைப் பற்றியும் மோட்சத்தைப் பற்றியும் அவர் அஞ்சாமல் பேசலாம். பிடித்தம் போக மிஞ்சிய கூலியைப் பற்றியோ, அரை நாள் கூலியாக மட்டும் பதியும் அரைப் பேரைப் பற்றியோ, பிரம்படியைப் பற்றியோ பேசினால், அடுத்த நாள் அந்தத் தோட்டத்தின் கேற்று அவருக்குத் திறக்காது. புலிக்கு அஞ்சாதவன், காய்ச்சலுக்கு அஞ்சாதவன், தன்னைப் போஷிக்கும் கைக்கு அஞ்சுவது மனித இயல்பு. அவ்வுபதேசியார்களைக் குறைகூறும் யோக்கியதை நமக்கு இல்லை. எனினும் மலைநாட்டுத் திருச்சபையின் தைரியம் ஏறத்தாழ நூறாண்டு காலம் இந்தக் கேற்றின் வாசலிலேயே நின்றது என்பதே என் துணிபு.

இந்த நிலையின் விநோதத்தைக் காட்ட ஒரு சம்பவம் போதும். 1875-இன் இறுதியில், முப்பது வயதே நிரம்பிய ரெஜினால்ட் கோப்பிள்ஸ்டன் என்பவர் கொழும்பின் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். தோட்டங்களில் வெள்ளைக்காரர்க்கு ஊழியம் செய்யும் குருமாரே அவ்வப்பகுதித் தமிழ் ஊழியத்தையும் மேற்பார்க்க வேண்டும் என்று அவர் கருதினார். சர்ச் மிஷன் சங்கத்தின் மிஷனெரிமார் அதற்கு இணங்கவில்லை. 1876-இல் அத்தியட்சர் அவர்களுடைய உத்தரவுச் சீட்டுகளை ரத்துச் செய்தார். இலண்டன் வரை எட்டிய அந்த வியாச்சியம், இங்கிலாந்தின் பிரதம அத்தியட்சர்களும் வேறு அத்தியட்சர்களும் சேர்ந்து மத்தியஸ்தம் செய்து 1880-இல்தான் அடங்கியது. நாலாண்டு காலம் இரு தரப்பிலும் காகிதம் குவிந்தது. தமிழ்த் தொழிலாளியின் ஆத்துமாவை யார் பொறுப்பில் வைப்பது என்பது பற்றி நடந்த அந்த வாதத்தில், அந்தத் தொழிலாளியின் அபிப்பிராயம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

அவர்கள் வாதித்துக்கொண்டிருந்த காலத்திலேயே கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1869-இல் காணப்பட்ட இலைநோய் பதினைந்து ஆண்டுகளுக்குள் அப்பயிரைத் துடைத்தெறிந்தது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1884-இல் இரயில் ஹட்டனை எட்டியது, அடுத்த ஆண்டில் நானுஓயாவை. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும் ஆதலால், வந்து போன ஜனங்கள் நிலைகொண்ட குடிகளாயினர். சபைகளும் அவர்களோடு நிலைத்தன. உபதேசியார் பள்ளிக்கூட வாத்தியாராகவும் ஆனார். கத்தோலிக்கரிடையே, 1880-களில் உருவான கண்டி மறைமாவட்டத்தின் குருமார் தோட்டங்களைச் சுற்றி வந்தனர். ஆவணித் திருவிழாவுக்கு மலையிலிருந்து மடு மாதாவிடம் செல்லும் வழக்கமும் பரவியது. இவையெல்லாம் நற்காரியங்களே.

கேற்றை முதலில் உடைத்தவர் கிறிஸ்தவர் அல்லர் என்பதையும் நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். தஞ்சாவூர்ப் பிராமணரான கோ. நடேசய்யர் 1920-களில் புடவை வியாபாரியைப் போல வேஷந்தரித்துத் தோட்டங்களுக்குள் நுழைந்து ஜனங்களின் கஷ்டத்தை நேரில் கண்டார் என்பது மலைநாட்டார் எல்லாரும் அறிந்த கதை. 1931-இல் ஹட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அவர் தொழிற்சங்கம் கண்டார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டுப் பாடியே கூட்டம் சேர்த்தார். உபதேசியார் அனுமதி பெற்று நுழைந்த வாசலில் நடேசய்யர் அனுமதியின்றி நுழைந்தார். அதன் பலனாக அத்துமீறல் வழக்கும் அடியாட்களும் அவரைத் தொடர்ந்தன. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியானபோது, கேற்றைத் தாண்டுவதன் விலை எவ்வளவென்பது சகலர்க்கும் விளங்கிற்று.

1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கி, வாக்குரிமையையும் பறித்தன. அச்சமயத்தில் கிறிஸ்தவர் ஒருவர் தம் விசுவாசத்தை மேடையில் விளம்பரப்படுத்தாமல், தம் அரசியல் எதிர்காலத்தையே பணயம் வைத்தார். மெலிந்த தேகமும் நடுங்கும் குரலும் உடைய சா. ஜே. வே. செல்வநாயகமே அவர். அச்சட்டத்தைக் கொண்டுவந்த அரசில் தம் கட்சித் தலைவர் மந்திரி பதவி ஏற்றபோது, அவர் அக்கட்சியை விட்டு வெளியேறினார். 1949 டிசம்பர் 18-ஆம் நாள் தமிழரசுக் கட்சி பிறந்தது. யாழ்ப்பாணத்து வாக்காளர் பலருக்குத் தோட்டத் தமிழரின் வழக்குத் தொலைவானதாகவே தோன்றிய காலம் அது. 1952 தேர்தலில் அவர் தோற்றார்.

மறைமாவட்டங்களையும் ஆயர்களையும் இத்தகைய துணிவு பற்றுவதற்கு மேலும் இருபதாண்டுகள் வேண்டியிருந்தன. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று ஜனங்கள் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னால் தீர்க்கப்படும் என்று விடப்பட்டது. அதே ஆண்டுகளில் ரோமாபுரியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடிக்கொண்டிருந்தது. அதில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் கண்டி ஆயர் லியோ நாணயக்கார. பெனடிக்ட் சபைத் துறவி, சிங்களவர். 1972-இல் கண்டியிலிருந்து ஊவாப் பகுதி பிரிக்கப்பட்டுப் பதுளை மறைமாவட்டம் உருவானபோது, பழமையும் வசதியும் கௌரவமும் வாய்ந்த கண்டியை விட்டு, ஏழைக் குடியானவரும் தோட்டத் தொழிலாளருமே நிறைந்த அப்புதிய மறைமாவட்டத்துக்குத் தாமே விரும்பிச் சென்றார். பதவி உயர்வைத் துறந்தவர் கதை திருச்சபையில் ஏராளம். ஏற்கெனவே அமர்ந்திருக்கும் ஆசனத்தை விட்டு இறங்கிய ஆயர்களை எண்ணிச் சொல்வது அவ்வளவு எளிதன்று. பண்டாரவளையில் சேவக செவண என்ற பயிற்சி இல்லத்தை நிறுவி, உயர்ந்த மதில்களுக்குள் அடைபடாத குருத்துவத்தை அங்கே அவர் சோதித்துப் பார்த்தார். 1982-இல் அவர் காலமானார்.

அதே 1972-இல் கண்டியில் இயேசு சபைக் குருவானவர் போல் காஸ்பர்ஸ் சத்தியோதயம் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே பானையில் உண்டு, தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் சேர்ந்து செல்வது என்பதே அதன் திட்டம். கேட்பதற்கு எளியதாய்த் தோன்றும் அத்திட்டம் அக்காலத்தில் எத்துணை அபாயகரமானது என்பதை, பின்வந்த ஆண்டுகள் காட்டின. 1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. துரையின் இடத்தில் கூட்டுத்தாபன அதிகாரி வந்தார். கேற்று மட்டும் மாறவில்லை. 1973-74-இல் மாவும் அரிசியும் அருகி, தோட்டங்களில் பசிச்சாவு நேர்ந்தது. கொழுந்து பறித்த கைகள் நகரத் தெருக்களில் பிச்சைக்கு நீண்டன. 1974-இல் பெருந்தோட்டப் பகுதிகளுக்கான இணைப்புச் செயலகம் காஸ்பர்ஸின் முயற்சியால் உருவாயிற்று. தோட்டத்து உண்மைகளைத் திரட்டி வெளியுலகுக்குச் சொல்வது அதன் பணி. 1977 மே மாதம் டெவன் தோட்டத்துக் காணியைப் பிறர்க்குப் பங்கிடுவதை எதிர்த்து நின்ற தொழிலாளர்மேல் பொலிஸார் சுட்டதில் சிவனு லட்சுமணன் மாண்டார். அதே ஆண்டு ஆகஸ்டிலும், 1981-இலும், 1983 ஜூலையிலும் வன்செயல் மலைமேல் ஏறிற்று. லயங்கள் எரிந்தன, அகதிகள் வவுனியாக் காடுகளுக்கு ஓடினர். சிங்கள அயலாரிடையே நின்று தமிழ்த் தொழிலாளிக்காகப் பேசுகிறவரைத் துரோகி என்று அழைக்க அக்காலத்தில் ஆள் குறைவில்லை. காஸ்பர்ஸ் அந்த நிந்தையோடும் கண்டியிலேயே இருந்தார். 1979-இல் தோன்றிய இனங்களிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்திலும் முன்னின்றார்.

இவ்விடத்தில் தேயிலை மலையைவிட்டுச் சிறிது கீழே இறங்க வேண்டும். ஆயர் லியோவோடு சேவக செவணவில் உழைத்த மைக்கல் ரொட்ரிகோ, அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர்; ரோமாபுரியிலும் பாரிஸிலும் உயர்ந்த பட்டங்கள் பெற்ற பண்டிதர். 1980-இல் அவர் புத்தல அருகே, பௌத்தக் குடியானவர் மட்டுமே வாழும் வறண்ட கிராமம் ஒன்றில் குடிசையொத்த வீட்டில் குடியேறினார். மதம் மாற்ற அவர் போகவில்லை. நிலமிழந்த குடியானவரோடு இருக்கப் போனார். 1987-இல் தெற்கே கிளர்ச்சியும் அடக்குமுறையும் ஒருங்கே மூண்டன. இரு தரப்பின் சந்தேகமும் அவ்வீட்டின்மேல் விழுந்தது, எச்சரிக்கைகளும் வந்தன. போவதா இருப்பதா என்ற கேள்வியை அவர் ஒருவராகத் தீர்த்துவிடவில்லை. தம்மோடிருந்த கன்னியரோடும் ஊழியரோடும் கூடி உட்கார்ந்து, அச்சத்தை அச்சமென்றே பெயரிட்டுப் பேசினார். ஜனங்களை விட்டுப் போவதில்லை என்று முடிவாயிற்று. நவம்பர் 10-ஆம் நாள் மாலை, அச்சிந்தனையோடு நடந்த திருப்பலி முடியுந் தறுவாயில், சாளரத்தருகே வந்த துப்பாக்கி அவர் உயிரைப் பறித்தது. வீரர் என்று நாம் கொண்டாடுகிறவர்கள் பயம் அறியாதவர்கள் என்னும் பிரமையை, அந்த வீட்டில் நடந்த அந்த ஆலோசனையைப் போலக் கலைப்பது வேறொன்றை நான் அறியேன்.  உடனிருந்து பிழைத்தவர்கள் சொல்லியே உலகம் அதை அறிந்தது.

நாடற்றவர் என்ற நிலையை நீக்கும் சட்டங்கள் 1988-இலும் 2003-இலும் நிறைவேறின. இரண்டாவது சட்டத்துக்குப் பாராளுமன்றம் ஒருமனதாய் இசைந்தது. போல் காஸ்பர்ஸ் அதைக் கண்டு, மேலும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 2017-இல் தொண்ணூறு வயது கடந்து மறைந்தார். வாக்குச் சீட்டுக் கிடைத்துவிட்டது. ஆனால் 1992 முதல் தோட்டங்களை நிர்வகிக்கும் கம்பனிகள் அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்றிருக்கும் நிலத்தில், நாலைந்து தலைமுறையாய்ப் பிறந்து இறந்த ஒரே காம்பராவுக்கு இன்றும் உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பங்களே பெரும்பாலானவை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து படியிறங்கும் போதகரிடமும் குருவானவரிடமும் அவர்கள் இப்போது கேட்பது அந்தக் காணியைப் பற்றித்தான். அக்கேள்வியைக் கம்பனியின் காரியாலயம் வரை கொண்டுபோகிறவர் சிலர், ஜெபித்து அனுப்பிவிடுகிறவர் பலர்.